வெண்கல விருது: சனிக்கிழமை விளக்கக் கூட்டம்

வணக்கம் பெற்றோர்களே. சிங்கப்பூர் இளையர்களுக்கான தேசிய இளையர் சாதனை விருது குறித்துப் பேசுகிறோம்: வரும் சனிக்கிழமை மாலை 4 மணி, குடியிருப்பாளர் நிலையம்.

1. விருதின் முதல் படியான வெண்கல நிலைக்கு வயது 14 நிறைந்திருக்க வேண்டும்.
2. சேவை, திறன், உடற்பயிற்சி, சாகசப் பயணம் எல்லாம் உண்டு. எதைச் செய்வது என்பதைப் பிள்ளையே தேர்ந்தெடுக்கட்டும். நாம் தேர்ந்தெடுத்தால் பாதியில் விட்டுவிடுவார்கள்.
3. இலக்கை அளந்து எழுதச் சொல்லுங்கள். “மிருதங்கம் கற்பேன்” போதாது. “மூன்று மாதத்தில் ஆதி தாளத்தில் தடுமாறாமல் வாசிப்பேன்” சரி.
4. செய்ததைக் குறித்துவைக்கும் பதிவேட்டை வாராவாரம் அவர்களே நிரப்பட்டும். கடைசியில் மொத்தமாக எழுதினால் தேதிகள் குழம்பும், மதிப்பீட்டாளர் கையெழுத்திடத் தயங்குவார். தயவுசெய்து நீங்கள் எழுதித் தராதீர்கள். தானே முடித்தோம் என்ற தைரியம்தான் பிள்ளைக்கு மிஞ்சும்.

வருபவர்கள் வியாழன் இரவு 9 மணிக்குள் பிள்ளையின் வயதை மட்டும் இங்கே பதிவிடுங்கள்.