பெற்றோர்களுக்கு: தவணை முடிவும் ஒரு வேண்டுகோளும்

அன்புள்ள பெற்றோர்களே, பாதுகாவலர்களே, வணக்கம்.

தவணை நல்லபடியாக முடிகிறது. விளையாட்டு, பேச்சுப் போட்டி, அறிவியல் விழா எல்லாவற்றிலும் பிள்ளைகள் சிறப்பாகவே செய்தார்கள். திடலைத் துப்புரவு செய்த பெற்றோர் ஆசிரியர் சங்கத்துக்கு நன்றி. கழிப்பறைக் குழாய்களும் ஒருவழியாகச் சரியாகிவிட்டன.

சரி, சொல்ல வந்ததற்கு வருகிறேன். மதிப்பெண் அட்டை கொடுத்த அன்று பள்ளி வாசலில் நடந்தது மனத்துக்கு ஒப்பவில்லை. மோட்டார் சைக்கிளில் உட்கார்ந்தபடியே அட்டையைப் பிரித்து, எல்லார் காதிலும் விழும்படி படித்து, "பெரியம்மா பிள்ளை எவ்வளவு வாங்குது, நீ ஏன் இப்படி?" என்று சிலர் கேட்டார்கள். ஒரு பையன் தலையில் குட்டும் விழுந்தது. மூன்றாம் ஆண்டு மாணவி ஒருத்தி வண்டியில் ஏறும் முன்பே ஹெல்மெட் கண்ணாடியை இறக்கிக்கொண்டாள். அழுவது தோழிகளுக்குத் தெரியக்கூடாதாம். வாசலில் நின்ற ஆசிரியையிடம் அவளே சொன்னாள்.

உங்கள் கவலை புரியாமலில்லை. 2021இல் ஆறாம் ஆண்டு அரசுத் தேர்வான யுபிஎஸ்ஆர் நிறுத்தப்பட்ட பிறகு பிள்ளை எந்த நிலையில் இருக்கிறது என்றே தெரியவில்லை என்கிறீர்கள். பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளில் இரவு ஷிப்ட் முடித்து, சரியாகத் தூங்காமல் பிள்ளையை அழைக்க வருகிறவர்களும் உண்டு.

ஆனால் சிறுவயதில் பட்டது லேசில் போவதில்லை. அமெரிக்காவில் ஃபெலிட்டி, ஆண்டா என்ற இரு மருத்துவர்களின் குழு 9,000க்கும் மேற்பட்ட பெரியவர்களிடம் பிள்ளைப் பருவத்தைப் பற்றிக் கேட்டு, 1998இல் ஆய்வை வெளியிட்டது. அடி உதை மட்டுமல்ல, வீட்டில் அடிக்கடி திட்டி மட்டம் தட்டியதையும் கேட்டார்கள். இத்தகைய அனுபவங்கள் கூடக் கூட, பின்னாளில் மனச்சோர்வும் குடிப்பழக்கமும் இதய நோயும்கூட அதிகமாகக் காணப்பட்டன. என்றோ ஒருநாள் கோபத்தில் திட்டியதற்காக யாரும் பயப்பட வேண்டாம். பழக்கமாகிப் போவதுதான் ஆபத்து.

எனக்கு அதைவிடப் பிடித்தது, ஹவாயின் கவாய் தீவில் உளவியலாளர் எம்மி வெர்னர் குழுவினர் செய்த ஆய்வு. 1955இல் அங்கே பிறந்த 698 பிள்ளைகளை நாற்பது வயதுவரை தொடர்ந்து கவனித்தார்கள். பலர் தோட்டத் தொழிலாளர் பிள்ளைகள்; நம் தாத்தா பாட்டிக்கு ரப்பர், அவர்களுக்குக் கரும்பு. வறுமையும் குடும்பச் சண்டையுமாக வளர்ந்தவர்களிலும் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் நன்றாகவே தலையெடுத்தார். அப்படித் தேறியவர்களுக்குப் பெற்றவரோ பாட்டியோ ஆசிரியரோ, நம்பி ஒட்டிக்கொள்ள ஒரு பெரியவராவது இருந்தார்.

ஆகவே தெளிவாகவே சொல்லிவிடுகிறேன். பள்ளி வளாகத்திலும் வாசலிலும் எந்தப் பிள்ளைமீதும் கை ஓங்கக்கூடாது. பிறர் முன் இழிவாகப் பேசவும் கூடாது. மறுபடி நடந்தால் அந்தப் பெற்றோரை அலுவலகத்துக்கு அழைப்பேன். தேவைப்பட்டால் சமூகநலத் துறைக்கும் தெரிவிப்போம். "என் பிள்ளை, நான் அடிப்பேன்" என்ற பதிலை ஏற்பதற்கில்லை.

உங்களில் பெரும்பாலோருக்கு இது தேவையில்லை என்பதும் தெரியும். அட்டையைப் பையில் போட்டுவிட்டு, "பசிக்குதா, ரொட்டி சானாய் சாப்பிடலாமா?" என்று கேட்ட அப்பாக்களையும் அன்று பார்த்தேன். அவர்களுக்கும், அழுத பிள்ளைகளைத் தேற்றி ஏற்றிச் சென்ற வேன் ஓட்டுநர்களுக்கும் மனமார்ந்த நன்றி.

அடுத்த தவணை முதல் அட்டையைப் பிள்ளைகளிடம் கொடுக்காமல், வகுப்பறையில் உங்கள் கையிலேயே தருவோம். அதற்குமுன் பேச வேண்டுமென்றால் செவ்வாய், வியாழன் பிற்பகல் 2 மணிக்கு மேல் வகுப்பாசிரியரைப் பார்க்கலாம்.

அன்புடன்,
தலைமையாசிரியர்