சியம் ரீப் டுக்டுக் அண்ணனுக்கு நன்றி

அம்மாவுக்கு மூட்டு வலி. கம்போடியாவின் அங்கோர் வாட் கோயிலில் மேற்கு வாசலிலிருந்து நடப்பதென்றால் சுமார் 190 மீட்டர் அகழி, அதன்பின் 350 மீட்டர் கல்பாதை; நிழலே கிடையாது. எதையும் கேட்காமல், அவர் வண்டியிலிருந்து இறங்கிய விதத்தைப் பார்த்தே கிழக்குப் பக்கம் வண்டியைத் திருப்பினீர்கள்.

கோயில் மேற்கு நோக்கியது. சூரிய உதயம் பார்க்கும் கூட்டமெல்லாம் அந்தப் பக்கக் குளக்கரையில்தான். கிழக்கிலோ மரநிழலில் சமதளமான மண்பாதை. அகழிமேல் பாலம்கூட இல்லை, மண்கரைதான். நேராகப் போனால் பாற்கடல் கடையும் சிற்பம்: 49 மீட்டர் நீளம், வாசுகியின் தலைப்பக்கம் 92 அசுரர், வால்பக்கம் 88 தேவர். காலை வெயில் அந்தச் சுவர்ப்பக்கம் விழும் நேரத்தையும் கணக்குப் போட்டிருக்கிறீர்கள். வழிகாட்டிப் புத்தகங்கள் ஏன் எல்லோரையும் மேற்கிலேயே இறக்குகின்றனவோ!

தங்கையின் கையில்லாத சட்டையையும் கவனித்தீர்கள். உச்சி அடுக்கான பாகானுக்குத் தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும். சால்வை போர்த்தினால் ஏற்கமாட்டார்கள். இருக்கைக்கு அடியிலிருந்து துவைத்து மடித்த முழுக்கைச் சட்டையை எடுத்து நீட்டினீர்கள். பௌத்த விரத நாட்களில் பாகான் மூடியிருக்கும், இன்று திறந்திருக்கிறது என்றும் சொன்னீர்கள். அவள் செங்குத்தான படியேறி இறங்கும்வரை அம்மா கீழே திண்ணையில் உட்கார்ந்திருந்தார்.

கூடுதல் பணத்தையும் வாங்க மறுத்துவிட்டீர்கள். சியம் ரீப்பில் இருக்கும் தமிழர் யாராவது இதை அந்நாட்டின் கெமர் மொழியில் அவருக்குச் சொல்லுங்கள். பச்சை வண்டி, கண்ணாடியில் மல்லிகைச் சரம். அம்மா நலமாக நடக்கிறார், அண்ணா.