வேலியோரத்து மூக்குத்திப் பூண்டு

நாகமலை புதுக்கோட்டை,
மதுரை.

அன்புள்ள மங்கை,

நீ கேட்டபடி ஞாயிற்றுக்கிழமை அப்பன்திருப்பதிக்குப் போய் உன் மனையைப் பார்த்துவிட்டு வந்தேன். கம்பிவேலி நன்றாக இருக்கிறது. கிழக்கு மூலையில் மழைத்தண்ணீர் தேங்குகிறது. அஸ்திவாரம் தோண்டுவதற்கு முன்னால் மேஸ்திரியிடம் சொல்லிவிடு. வடக்கே அழகர்மலை தெளிவாகத் தெரிகிறது. சித்திரையில் அழகர் மதுரைக்கு வரும் வழியில் வீட்டு வாசலிலிருந்தே கும்பிடலாம் என்றுதானே இந்த இடத்தைப் பிடித்தாய், நல்ல தேர்வு. அண்ணனுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. கொஞ்ச நாளைக்குக் குனிந்து எதையும் தூக்க விடாதே.

இனி உன் கேள்விக்கு வருகிறேன். மனை முழுக்க ஏதோ மஞ்சள் பூ படர்ந்து கிடக்கிறது, களைக்கொல்லி அடித்துவிடலாமா என்று மேஸ்திரி கேட்பதாக எழுதியிருந்தாய். வேண்டாம் மங்கை. கட்டடம் வரும் இடத்தில் மண்வெட்டி படும்போதே அது போய்விடும். வேலியோரம் இருப்பதை விட்டுவை.

அது மூக்குத்திப் பூண்டு. கிணற்றடிப் பூண்டு, வெட்டுக்காயப் பூண்டு என்றும் சொல்வார்கள். சின்ன வயதில் 'தாத்தா தாத்தா தலையைக் குடு' என்று பூவைச் சுண்டிவிட்டு விளையாடுவோமே, அதேதான். தாவரவியலில் டிரைடாக்ஸ் புரோகம்பென்ஸ். 1753-இல் லின்னேயஸ் வைத்த பெயர். சாமந்தியும் சூரியகாந்தியும் கரிசலாங்கண்ணியும் இருக்கும் ஆஸ்டரேசி குடும்பத்தைச் சேர்ந்தது. சொந்த ஊர் மெக்சிகோ, மத்திய அமெரிக்கா, தென் அமெரிக்காவின் வெப்பமான பகுதிகள். இன்றைக்கு மதுரைப் பக்கம் கண்மாய்க்கரை, தண்டவாள ஓரம், சமணர் மலையடிச் சரளை என்று அது இல்லாத இடத்தைத்தான் தேட வேண்டும்.

நீ ஒரு பூ என்று பார்ப்பது உண்மையில் பல பூக்களின் கூட்டம். பாடத்தில் சிரமஞ்சரி என்று படித்தோம். ஓரத்தில் வெளிர்மஞ்சளாக இதழ் மாதிரித் தெரிவது ஒவ்வொன்றும் தனிப் பூ. அதுதான் கதிர்ச் சிறுமலர். பெரும்பாலும் ஐந்து இருக்கும். ஒவ்வொன்றின் நுனியிலும் மூன்று பல் வெட்டியிருக்கும். இவை பெண் பூக்கள், மகரந்தம் கிடையாது. நடுவில் அடர்மஞ்சளாக நெருங்கி நிற்கும் குழல் பூக்கள்தான் வட்டத்தட்டுச் சிறுமலர்கள். இவை இருபால் பூக்கள். ஓரத்தில் தொடங்கி நடுவை நோக்கி வரிசையாக மலரும். அதனால் ஒரே பூக்கூட்டத்தில் வாடியதும் மலர்ந்ததும் மொட்டும் சேர்ந்திருக்கும். கைலென்ஸில் பார்த்தால் இந்த மூன்று நிலையும் வளையம் வளையமாகத் தெரியும்.

எனக்கு இதில் மிகவும் பிடித்தது மகரந்தம் வெளியே வரும் விதம். ஒவ்வொரு குழல் பூவுக்குள்ளும் ஐந்து மகரந்தப்பைகள் பக்கவாட்டில் ஒட்டி ஒரு குழாயாகிவிடுகின்றன. மகரந்தம் அந்தக் குழாயின் உள்பக்கமாகக் கொட்டுகிறது. சைக்கிள் பம்பில் தண்டு மேலேறுவது போல, அடியிலிருந்து சூல்தண்டு, அதாவது பூவின் பெண் பகுதியின் தண்டு, வளர்ந்து வரும்போது அந்த மகரந்தத்தையெல்லாம் மேலே தள்ளிக்கொண்டு வந்துவிடும். பூச்சி வந்து அதை எடுத்துக்கொண்டு போன பிறகுதான் சூல்தண்டின் நுனி இரண்டாகப் பிரிந்து, வேறு பூவின் மகரந்தத்தை வாங்கத் தயாராகும். முதலில் கொடுப்பது, அப்புறம் வாங்குவது. இந்தக் குடும்பத்தின் 20,000-க்கும் மேற்பட்ட இனங்களில் பெரும்பாலானவை இப்படித்தான் நடந்துகொள்கின்றன. இத்தனை வருஷம் பாடம் நடத்திய பிறகும் இதைப் பார்க்க எனக்கு அலுக்கவில்லை.

வண்ணத்துப்பூச்சிகளுக்கு இது ஏன் பிடிக்கிறது என்பதும் இதிலிருந்தே புரியும். குழல் குட்டையானது, சின்ன உறிஞ்சுகுழலுக்கும் தேன் எட்டும். ஒரு தடவை உட்கார்ந்தால் இடம் மாறாமல் பல பூக்களில் குடிக்கலாம். நான் போனபோது வெயில் ஏறத் தொடங்கியிருந்தது. தரையை ஒட்டிப் பறக்கும் சின்ன நீல வண்ணத்துப்பூச்சிகள், மஞ்சள் வண்ணத்துப்பூச்சிகள், தேனீக்கள் எல்லாம் உன் மனையில் இருந்தன. அடுத்த மனையை வழித்துச் சுத்தம் செய்திருக்கிறார்கள். அங்கே ஒன்றையும் காணோம்.

விதை முற்றியதும், மற்ற பூக்களில் இதழுக்கு அடியில் பச்சையாக இருக்கும் புல்லிவட்டம் இருக்க வேண்டிய இடத்தில் இறகு போன்ற மயிர்கள் விரியும். பாப்பஸ் என்போமே, அதுதான். காற்று எடுத்துக்கொண்டு போய்விடும். இலையெல்லாம் தரையோடு கிடக்க, பூக்காம்பு மட்டும் சாண் உயரத்துக்கு மேல் வெறுமையாக எழுந்து நிற்பது இதற்கும் உதவுகிறது. கீழே புல் மறைக்காது, காற்று தடையில்லாமல் கிடைக்கும். விதையை மட்டும் நம்பியும் அது இல்லை. தண்டு தரையில் படரும்போது கணுக்களில் வேர்விடும். ஆணிவேரும் உண்டு. பல்லாண்டுச் செடி என்பதால் சித்திரை, வைகாசி வெயிலில் மேலே கருகிப்போனாலும் அடிப்பகுதி உயிரோடு இருந்து, ஒரு மழை விழுந்தால் துளிர்த்துவிடும்.

களை இல்லையா என்று கேட்பாய். களைதான். கடலைக் காட்டில் வந்தால் பிடுங்கத்தான் வேண்டும். அமெரிக்க அரசே தீங்கான களைகளின் பட்டியலில் இதைச் சேர்த்திருக்கிறது. ஆனால் உன் வேலியோரம் கடலைக் காடு இல்லையே. அங்கே மருந்தடித்து மண்ணை மொட்டையாக்கினால், அடுத்த மழைக்கு வந்து உட்காருவது பெரும்பாலும் பார்த்தீனியமாக இருக்கும். அதுவும் இதே குடும்பம், அதுவும் அமெரிக்காவிலிருந்து வந்ததுதான். ஆனால் தோலில் பட்டால் அரிப்பு, மூச்சுக்கும் தொந்தரவு. இடுப்புயரம் நிமிர்ந்து, பொடிப்பொடியாக வெள்ளைப் பூ வைத்திருந்தால் அது பார்த்தீனியம். அதைப் பூக்கும் முன்பே, கையுறை போட்டுக்கொண்டு வேரோடு பிடுங்கச் சொல். இரண்டையும் ஒரே மாதிரி 'செடி கொடி' என்று பார்க்கிற மேஸ்திரியிடம் இந்த வித்தியாசத்தைக் கட்டாயம் காட்ட வேண்டும்.

இன்னொன்று. இலையைக் கசக்கி வெட்டுக்காயத்தில் வைக்கும் பழக்கம் நம் பக்கம் எல்லா ஊரிலும் உண்டு. எலிகளில் செய்த ஆய்வுகளிலும் காயம் ஆறுவதற்கு உதவுவதாகக் கண்டிருக்கிறார்கள். சின்னக் கீறலுக்குக் கழுவிய இலை பரவாயில்லை. ஆனால் சுகர் உள்ளவர்களின் கால்புண்ணில் இதை வைத்துக் கட்டுவது, வாட்ஸ்அப் வீடியோவைப் பார்த்துவிட்டுச் சாறு குடிப்பது இரண்டும் கூடவே கூடாது. உன் மாமியாருக்குக் காலில் புண் ஆறவில்லை என்று எழுதியிருந்தாயே, அதனால்தான் அழுத்திச் சொல்கிறேன். டாக்டரிடமே காட்டு.

மார்கழியில் வருவதாகச் சொன்னாய். மைசூர் ரயிலில் இப்போதே டிக்கெட் போட்டுவிடு, அப்புறம் கிடைக்காது. மதுரைக்குப் பக்கத்தில் இருக்கும் அரிட்டாபட்டிக்கு ஒருநாள் போய்வருவோம். 2022-இல் அதைப் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்த பிறகு நீ அந்தப் பக்கம் வரவே இல்லை. மழை முடிந்த கையோடு போனால் பாறை இடுக்கெல்லாம் பூத்திருக்கும். மேஸ்திரியின் போன் நம்பரை அனுப்பு, வேலி விஷயத்தை நானே அவரிடம் பேசிவிடுகிறேன்.

அன்புடன்,
வசந்தா