ஆள் எப்படி இருக்கான்?

டெல்டா அரசு ஆஸ்பத்திரிகளின் மனநலப் பிரிவில் பணி செய்யும் மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும், வணக்கம்.

அரசலாற்றுப் பாசனத்தில் இரண்டு ஏக்கர் நெல் போடுகிறவன் நான். மனச்சிதைவுக்கு 12 வருடமாக மாத்திரை சாப்பிடுகிறேன். ஓ.பி.யில் ஆட்கள் மாறிக்கொண்டே இருக்கிறார்கள், கேள்வி மாறியதில்லை. அதுவும் பக்கத்தில் நிற்கும் அம்மாவிடம்தான் கேட்பார்கள்: "தூங்குறானா? மாத்திரை போடுறானா? தனியாப் பேசுறானா?"

முதல் வருடம் அந்தக் கேள்விகள் சரி. மோட்டார் கொட்டகைச் சத்தம் என் பேரைச் சொல்லி வைதுகொண்டிருந்த காலம் அது. அப்பா வாசற்படிக்குக் குறுக்கே படுத்துக்கொள்வார். மனநோய் தீரும் என்று நம்பிப் போகிற குணசீலம் பெருமாள் கோயிலில் ஒரு மண்டலம், 48 நாள், தங்கினோம். அப்புறம்தான் ஊசி, மாத்திரை. (கோயிலைக் குறை சொல்ல மாட்டேன். எங்களைப் போல இன்னும் பல குடும்பம் இருப்பது அம்மாவுக்கு அங்கேதான் தெரிந்தது.) இதே நோய் வந்து தேறிய ஒருவரைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்று அப்போது தவித்தேன். உங்கள் வரிசையிலேயே அப்படிச் சிலர் நின்றிருப்பார்கள். யாரும் காட்டவில்லை.

குரல் அடங்கியதும் வேறு தொல்லை. இரவு ஒலான்சபின் என்கிற அந்த மாத்திரையைப் போட்டால் காலை 9 மணிக்குத்தான் கண் திறக்கும். நாற்றுப் பறிக்கிற ஆட்கள் 6 மணிக்கே வயலில். உங்கள் சீட்டில் 'நலம்', ஊர் வாயில் 'சோம்பேறி'. நாலாவது வருடம் ஒரு டாக்டரம்மா என் முகத்தைப் பார்த்து, "வயலுக்கு எத்தனை மணிக்குப் போகணும்?" என்றார். மாத்திரையைச் சாயங்காலம் 7 மணிக்கு மாற்றிக் கொடுத்தார். அந்தச் சம்பாவுக்கு மடை திறந்தது நான்தான்.

இப்போதும் எப்போதாவது மோட்டார் சத்தத்தில் பேர் கேட்கும். கேட்டுவிட்டு வரப்பு வெட்டப் போய்விடுவேன். உங்களிடம் சொல்லத்தான் பயம், டோஸ் ஏறிவிடுமே. கூட்டுறவுச் சங்கக் கடனுக்கு என் பேரில் நானே கையெழுத்துப் போட வேண்டும். உள்ளங்கையில் மாத்திரையை வைத்து, விழுங்குகிறேனா என்று அம்மா தொண்டையையே பார்க்கிறாரே, அது நிற்க வேண்டும். இந்த வருடத்துக் கவலை இவை. உங்கள் மூன்று கேள்விக்குள் இரண்டும் வரவில்லை.

நோய் மறுபடி முற்றினால் எந்தச் சிகிச்சை வேண்டும், எது வேண்டாம், எனக்காக யார் பேசலாம் என்று முன்கூட்டியே எழுதிவைக்க 2017-ஆம் ஆண்டு மனநலச் சட்டம் உரிமை தருகிறது. பேப்பரில் படித்துத்தான் தெரிந்தது, ஓ.பி.யில் ஒருவரும் சொன்னதில்லை. எழுதிவிட்டேன். பேச வேண்டியவள் என் தங்கை. அதை முறைப்படி பதிய வழி காட்டுங்கள். சீட்டில் மாத்திரைப் பேருக்கு மேலே ஒரு வரி இடம் விட்டு, இப்போது என்ன செய்ய நினைக்கிறாய் என்று என்னிடமே கேட்டு எழுதுங்கள்.

செவ்வாய்க்கிழமை வருகிறேன். அம்மா வர மாட்டார். அன்றைக்கு நடவு, ஆட்களை அவர்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.