‘இதுக்கு மேல வளராது’ என்று விற்கப்படும் கள்ளி

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்னை நர்சரிகளிலும் பரிசுப்பொருள் கடைகளிலும் இரண்டு அங்குலத் தொட்டியில் விற்கும் கள்ளிச்செடியைக் காட்டி, “இது எவ்வளவு பெருசா வரும்?” என்று கேட்டால் பெரும்பாலும் கிடைக்கும் பதில், “இதுக்கு மேல வளராது சார், குட்டி ரகம்” என்பதுதான். பல செடிகளுக்கு இது உண்மையல்ல. விற்பது குட்டி ரகமல்ல, குட்டிச் செடி.

எலுமிச்சம்பழ அளவில், மஞ்சள் முட்களோடு விற்கும் உருண்டைக் கள்ளியை எடுத்துக்கொள்வோம். ‘கோல்டன் பேரல்’ என்பார்கள். மெக்சிகோவைச் சேர்ந்த இச்செடி தரையில் நின்றால் ஒரு மீட்டர் குறுக்களவை எட்டும். அதற்குப் பல பத்தாண்டுகள் ஆகும். தொட்டியில் ஆண்டுக்கு 1 முதல் 2 செ.மீ. பருக்கும். அதனால் முதல் சில வருடம் கடைக்காரர் சொன்னது சரிதான் என்றே தோன்றும். பத்து வருடம் கழித்து ஜன்னல் திண்டில் அதற்கு இடம் போதாது. விரல் உயரத்தில் விற்கும் தூண் வடிவ ‘செரியஸ்’ அப்படியல்ல. நல்ல வெளிச்சத்தில் ஒரே வருடத்தில் 15 செ.மீ.க்கு மேல் ஏறும். தரையில் விட்டால் வீட்டுக் கூரையைத் தொடும். முயல்காது போன்ற ‘பன்னி இயர்’ கள்ளி 40 முதல் 60 செ.மீ. உயரம் வந்து பக்கவாட்டிலும் பரவும். அதன் மேல் மஞ்சள் புள்ளிகளாகத் தெரிபவை எல்லாம் கொக்கி வைத்த நுண்முட்கள். குழந்தைகள் இருக்கும் வீட்டில் அதை வைக்காதீர்கள்.

உண்மையிலேயே சிறியதாக நிற்பவையும் உண்டு. ‘மாமில்லேரியா எலாங்கேட்டா’ விரல் போன்ற தண்டுகளோடு இருக்கும். ஒவ்வொரு தண்டும் 2-3 செ.மீ. தடிமன், அதிகபட்சம் 15 செ.மீ. நீளம். அது மேலே ஏறாமல் கன்று விட்டுப் பக்கவாட்டில் படரும். ‘ஜிம்னோகாலிசியம் மிஹனோவிச்சி’ 5-6 செ.மீ. அகலத்தில் நின்றுவிடும், அரைநிழலையும் பொறுத்துக்கொள்ளும். சென்னை அடுக்குமாடி வீட்டுக்கு எங்கள் முதல் பரிந்துரை இதுதான். ‘ரெபூசியா’வும் சின்னதுதான், ஆனால் குளிரான ஓய்வுக்காலம் கேட்கும் செடி. நம் ஊர் வெக்கையில் அது படும் பாட்டைப் பார்க்க முடியாது.

சிவப்பு, மஞ்சள் தலையோடு வரும் ‘மூன் கேக்டஸ்’ ஒற்றைச் செடியல்ல, ஒட்டு. வண்ணத் தலையில் பச்சையமே கிடையாது. அதற்குச் சோறு போடுவது கீழே இருக்கும் மூன்று பட்டைத் தண்டு. அது டிராகன் பழச்செடியின் இனம். இரண்டும் ஒரே வேகத்தில் வளராததால் இந்தக் கூட்டு சாதாரணமாகச் சில ஆண்டுகளே தாங்கும். அடித்தண்டு தனியாகத் தளிர் விட்டால் உடனே கிள்ளிவிட வேண்டும். விட்டால் சத்தெல்லாம் அந்தத் தளிருக்கே போய்விடும். அடித்தண்டு அழுகினால் வண்ணத் தலையை வெட்டி மண்ணில் நட்டுப் பயனில்லை. வேறு பச்சைத் தண்டில் மறுபடி ஒட்டினால்தான் பிழைக்கும்.

வளர்கிறதா என்று கண்டுபிடிக்க உச்சியைப் பாருங்கள். நடுக்குழியில் பளிச்சென்ற நிறத்தில் மெல்லிய புது முட்கள் எழுந்தால் வளர்ச்சி நடக்கிறது. சுற்றளவை ஒரு தாள் துண்டால் அளந்து 3.14ஆல் வகுத்தால் குறுக்களவு வரும். ஆண்டுக்கு ஒரு முறை, பொங்கலை ஒட்டி, ஒரே மாதத்தில் அளப்பது முக்கியம். தண்ணீர் குடித்த கள்ளி உப்பும், காய்ந்தது சுருங்கும். மழைக்குப் பின் கூடிய அரை செ.மீ.யை வளர்ச்சி என்று எண்ணக் கூடாது.

அதைவிடப் பெரிய ஏமாற்றம் ஒன்று உண்டு. உள்ளறை மேசையில் வைத்த உருண்டைக் கள்ளி மூன்றே மாதத்தில் ‘கிடுகிடு’வென்று உயரும். அடிப்பாகம் உருண்டையாக, அதற்கு மேல் வெளிறிய பச்சையில் கூம்பு போல ஒரு கழுத்து. முட்களும் தள்ளித் தள்ளி, வலுவில்லாமல் இருக்கும். இது வளர்ச்சியல்ல, வெளிச்சப் பசி. இப்படி ஒல்லியான இடம் பிறகு பருக்காது. கிழக்கு ஜன்னல் அல்லது பால்கனியில் தினம் 4 மணி நேர வெயில் வேண்டும். இருட்டில் இருந்ததை ஒரேயடியாக மே மாத வெயிலில் வைத்தால் தோல் வெந்து வெள்ளைத் தழும்பு விழும். இரண்டு வாரம் நிழல்வலைக்குக் கீழே பழக்குங்கள்.

கள்ளி தன் மூச்சுத்துளைகளை இரவின் குளுமையில்தான் நன்றாகத் திறக்கும். மே மாதச் சென்னையில் நள்ளிரவிலும் வெப்பம் 28 டிகிரியை ஒட்டி இருப்பதால் அப்போது வளர்ச்சி மந்தமாகும். அந்த நேரத்தில் உரம் வைப்பது வீண். மாசி, பங்குனியிலும், ஆடி முதல் புரட்டாசி வரையிலும்தான் செடி நன்றாக ஓடும். வளரும் காலத்தில் 7 முதல் 10 நாளுக்கு ஒரு முறை, மாலையில், தொட்டித் துளை வழியே வடியும்வரை ஊற்றுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் மூங்கில் குச்சியை அடிவரை செருகி எடுத்து, ஈரம் ஒட்டாமல் வந்தால் மட்டும் தண்ணீர். போர்வெல் தண்ணீர் மண்மேல் வெள்ளை உப்பாகப் படியும், வேரையும் வாட்டும். மழைநீரைப் பிடித்து வைத்து ஊற்றுவது நல்லது.

கடையிலிருந்து வரும் செடிகள் பலவும் தென்னைநார்த் தூளில் இருக்கும். அது நனைந்தால் வாரக்கணக்கில் காயாது, முழுதாகக் காய்ந்தால் தண்ணீரை ஏற்காது. கழுவிச் சலித்த கரடுமுரடான மணல் இரண்டு பங்கு, பட்டாணி அளவுச் செங்கல் துண்டு ஒரு பங்கு, மண்புழு உரம் ஒரு பங்கு, கொஞ்சம் வேப்பம் புண்ணாக்கு: இந்தக் கலவை போதும். தொட்டி செடியைவிட 2 செ.மீ. மட்டும் அகலமாக இருக்கட்டும். பெரிய தொட்டியில் வைத்தால் சீக்கிரம் பருக்கும் என்று நினைப்பது தவறு. வேர் எட்டாத மண் ஈரமாகவே கிடந்து அழுகலைக் கொண்டுவரும். தொட்டி மாற்றும்போது இந்த நாளிதழின் ஒரு தாளை நீளவாக்கில் மடித்துச் செடியின் இடுப்பில் வார் போலச் சுற்றிப் பிடித்தால் முள் குத்தாது. மாற்றியபின் ஒரு வாரம் தண்ணீர் காட்டக் கூடாது.

ஒரு வருடம் முழுக்க ஒரு புது முள்ளும் எழவில்லையா? செடியை உருவி வேரைப் பாருங்கள். வெள்ளை மாவு போல் ஒட்டியிருந்தால் வேர் மாவுப்பூச்சி. வேரைக் கழுவி, நிழலில் உலர்த்தி, புது மண்ணில் வையுங்கள். தண்டில் ஒட்டியிருப்பதைச் சர்ஜிகல் ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடைக்கலாம். இப்பூச்சியின் உறவான, சிவப்புச் சாயம் எடுக்க உதவும் சாயப்பூச்சியை வளர்க்கவே 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் மருத்துவர் ஜேம்ஸ் ஆண்டர்சன் நம் சைதாப்பேட்டையில் சப்பாத்திக்கள்ளித் தோட்டம் போட்டார்! அடிப்பாகம் பழுப்பாகி, தொட்டால் மரம் போல் கெட்டியாக இருந்தால் அது வயசு, பயம் வேண்டாம். கொழகொழவென்றால் அழுகல். சுத்தமான பிளேடால் நல்ல சதை தெரியும்வரை வெட்டி, 10 நாள் காயவிட்டு, உலர்ந்த மணலில் நிறுத்துங்கள்.

இன்னொரு கொடுமை, கூழாங்கற்களைப் பசை போட்டு மண்மேல் ஒட்டுவதும், உச்சியில் காகிதப் பூவைச் சூட்டுக்கோந்தால் பதிப்பதும், முழுச் செடிக்கும் வண்ணம் அடிப்பதும். உச்சி வெந்தால் அந்த இடத்தில் வளர்ச்சி முடிந்தது. வாங்கும் முன் விரலால் கல்லை அசைத்துப் பாருங்கள்.

தோட்டக்கலைத் துறை செம்மொழிப் பூங்காவில் மலர்க் கண்காட்சி நடத்துகிறது. தொட்டியில் பெயர்ச்சீட்டு செருகும் பழக்கம் அங்கு வைக்கும் கள்ளித் தொட்டிகளிலிருந்து தொடங்கலாம்: தாவரவியல் பெயர், முழு வளர்ச்சியில் உயரமும் அகலமும், ஒட்டா இல்லையா என்று மூன்றே வரி. நர்சரிக்காரர்களும் இதைச் செய்ய முடியும். பெயர் தெரியாமல் வரும் செடிக்கு “பெயர் தெரியாது” என்றே எழுதிச் செருகினாலும் சரி, “வளராது” என்று மட்டும் சொல்ல வேண்டாம்.

— மாடித்தோட்டக்காரர்கள் சிலர்,
மேற்கு மாம்பலம், சென்னை