லிஃப்ட் ஓடாத நாள்

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் வந்து பதினைந்து நாளாகிறது. கண்புரை அறுவை நல்லபடியாக முடிந்ததில் மகிழ்ச்சி. இனி என் கிறுக்கல் கையெழுத்தைப் படிக்க முடியவில்லை என்று நீ சாக்குச் சொல்ல முடியாது.

நான் சென்னையில் மகள் வீட்டில் இருக்கிறேன். ஐந்தாவது மாடி. போன ஞாயிற்றுக்கிழமை கறிவேப்பிலை வாங்கக் கீழே இறங்கினேன். திரும்புவதற்குள் லிஃப்ட் நின்றுவிட்டது. மூன்றாவது மாடிப் படியில் மூச்சு வாங்க உட்கார்ந்திருந்தபோது 'சீமாபத்தா' நினைவுக்கு வந்தது. கோவையில் திரைப்படச் சங்கத்தில், இரும்பு நாற்காலிகளில் உட்கார்ந்து நாம் பார்த்த சத்யஜித் ராய் படம். அன்றிரவே பேரனிடம் சொல்லித் தேடி எடுத்து மறுபடி பார்த்தேன்.

உனக்குக் கதை மறந்திருக்கலாம். ஷியாமளேந்து பாட்னாவில் ஒரு பள்ளி ஆசிரியரின் மகன். கல்கத்தாவில் வெள்ளைக்காரர் கம்பெனி ஒன்றில் மின்விசிறிப் பிரிவின் விற்பனை மேலாளராகிவிட்டான். உயர்ந்த மாடியில் வீடு, டார்ஜிலிங்கில் விடுதிப் பள்ளியில் மகன். அடுத்தது டைரக்டர் பதவி. அதற்குப் போட்டியாக விளக்குப் பிரிவு மேலாளர். அந்த நேரத்தில் பாட்னாவிலிருந்து மைத்துனி டுட்டுல் (ஷர்மிளா தாகூர்) வந்து சேர்கிறாள். அவள் கண்ணில் உயர்ந்து நிற்க வேண்டும் என்ற ஆசை அவனுக்கு. பதவி ஆசையைவிட அதுதான் அவனை அதிகம் அலைக்கழிக்கிறது என்று இந்த முறை தோன்றியது.

ஈராக்குக்குப் போக வேண்டிய மின்விசிறிகளில் கடைசி நேரத்தில் குறை தெரிகிறது. தாமதமானால் கம்பெனிக்கு நஷ்டம், இவனுக்குப் பதவி போச்சு. ஆனால் தொழிலாளர் கலவரத்தால் தாமதம் என்றால் ஒப்பந்தப்படி தப்பிக்கலாம். கம்பெனியின் தொழிலாளர் விவகாரங்களைப் பார்ப்பவனும் இவனும் சேர்ந்து ஒரு கலவரத்தையே ஏற்பாடு செய்துவிடுகிறார்கள். குண்டு வெடித்து ஒரு காவலாளி காயமடைகிறான். ஆலை மூடப்படுகிறது. ஷியாமளேந்து டைரக்டராகிறான்.

அன்று நீ சங்கக் கூட்டத்தில் எழுந்து நின்று சண்டை போட்டாய். தொழிலாளிகளைப் பற்றிய படத்தில் தொழிலாளியின் முகமே இல்லையே, இது என்ன நியாயம் என்று. ஒன்றரை மணி நேரம் பேசினாய் என்று இப்போதும் என் கணக்கு. நீ ஒப்புக்கொள்ள மாட்டாய். நானும் அப்போது உன் பக்கம்தான். இப்போது எனக்கு வேறு மாதிரி படுகிறது. ஷியாமளேந்துவின் கண் வழியாகத்தான் நாம் எல்லாவற்றையும் பார்க்கிறோம். அவன் கண்ணில் படாத முகம் நமக்கு எப்படித் தெரியும்? 'எல்லைக்கு உட்பட்டவன்' என்று பொருள்படும் அந்தத் தலைப்பில் கம்பெனிகள் பெயருக்குப் பின்னால் போட்டுக்கொள்ளும் 'லிமிடெட்'டும் ஒளிந்திருக்கிறது. 1971இலேயே ராய் இவ்வளவு குறும்பு செய்திருக்கிறார்.

ஷியாமளேந்துவாக நடித்த பருண் சந்தாவின் முகத்தைப் பார்த்தால் கெட்டவன் என்று சொல்லவே வராது. நல்ல சிரிப்பு, நல்ல பேச்சு. நம் பம்ப் ஆலையில் இப்படி எத்தனை பேரை 'சார்' என்று அழைத்திருக்கிறோம்!

என்னைத் தூங்கவிடாமல் செய்தது கலவரக் காட்சி அல்ல, வேறொரு காட்சி. வீட்டில் விருந்து, கையில் மதுக் கோப்பைகளோடு கம்பெனிக்காரர்கள். சொல்லாமல் கொள்ளாமல் அவனுடைய வயதான பெற்றோர் வந்து நிற்கிறார்கள். அவர்களைப் படுக்கையறைக்கு அழைத்துப் போய் உட்கார வைக்கிறார்கள். யாரும் அவமரியாதையாக ஒரு சொல் சொல்லவில்லை.

எனக்குப் பதவி உயர்வு வந்த வருடம், மேலாளர் என் வீட்டுக்குக் காபிக்கு வந்தாரே, நினைவிருக்கிறதா? அப்பா அன்று காலைதான் பவானியிலிருந்து வந்திருந்தார், தோளில் சுருட்டிய ஜமக்காளத்தோடு. மேலாளர் அதில் உட்கார்ந்து கையால் தடவிப் பார்த்து, "அருமையான நெசவு, எங்கே வாங்கினீர்கள்?" என்று கேட்டார். "பவானியில்" என்றேன். அதோடு நிறுத்திக்கொண்டேன். நெய்தவர் கதவோரம் நின்றுகொண்டிருந்தார். "யார்?" என்று மேலாளர் கண்ணால் கேட்டதற்கு, "ஊரிலிருந்து வந்திருக்கிறார்" என்றேன். அதில் பொய் ஒன்றும் இல்லை, பார்.

நீ காபியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து வெளியே போனாய். திண்ணையில் அப்பா பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாய்.

படத்தின் கடைசியில் டைரக்டராகி வீடு திரும்பும் ஷியாமளேந்து, லிஃப்ட் ஓடாததால் அத்தனை மாடியும் நடந்து ஏறுகிறான். டுட்டுல் எதுவும் பேசவில்லை. அவன் கொடுத்திருந்த கைக்கடிகாரத்தைக் கழற்றி அவன் முன் வைக்கிறாள். தலைக்கு மேலே மின்விசிறி சுற்றுகிறது. நீயும் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. மறுநாள் ஷிப்டில் எப்போதும்போலப் பேசினாய். அதற்கு நன்றி சொல்வதா, கோபப்படுவதா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

அன்று சாயங்காலம் அப்பாவைப் பஸ் ஏற்றிவிட்டவனும் நீதான். வழியில் அவர் என்ன சொன்னார்? இத்தனை வருடமாகக் கேட்க வாய் வரவில்லை. எழுதினாலும் சரி, தை மாதம் ஊருக்கு வரும்போது நேரில் சொன்னாலும் சரி. சொட்டு மருந்தை மறக்காமல் விடு. தங்கச்சிக்கு என் விசாரிப்பு.

உன் பழைய நண்பன்