சைக்கிள் டியூபுக்கும் சேர்த்து ஒரு நன்றி

எங்கள் ஊர்ப் பெரியவர்களுக்கும் அண்ணாமார் அக்காமாருக்கும் வணக்கம்.

கல்லடிப் பாலத்தில் கண்டவர்கள் எல்லாரும் கேட்பது ஒன்றுதான்: கொழும்புக்குப் போட்டிக்குக் கொண்டுபோன ரோபோ என்னாச்சு? ஐந்தாம் இடம். கிண்ணம் இல்லை, சான்றிதழ் உண்டு. சரி, அதை விடுவோம்.

பெயர் போட்டு நன்றி சொல்லத்தான் ஆசை. ஆனால் சைக்கிள் கடை மாமா முதலே சொல்லிவிட்டார்: "என்ட பேரப் போட்டிராத மகள், பொறகு ஊரில உள்ளவன் எல்லாம் ஓசியில பஞ்சர் ஒட்ட வந்திருவான்." அவரை விட்டுவிட்டு மற்றவர்களை மட்டும் போட மனம் வரவில்லை. அதனால் யார் பெயரும் இல்லை.

ரோபோவின் வேலை சொல்லச் சின்னது. வெள்ளைப் பலகையில் ஒட்டிய கறுப்புக் கோட்டை விடாமல் பிடித்து ஓடி முடிக்க வேண்டும். அடியில் ஐந்து அகச்சிவப்பு உணரிகள். வெள்ளைப் பலகை ஒளியைத் திருப்பி அனுப்பும், கறுப்புக் கோடு விழுங்கிவிடும். அதைப் பார்த்து ஆர்டுயினோ என்ற குட்டிக் கணினிப் போர்டு இரண்டு மோட்டர்களின் வேகத்தையும் கூட்டிக் குறைக்கும். இதற்கு எங்கள் ஐந்து பேருக்கும் எட்டு மாதம் பிடித்தது.

முதல் உடம்பு முப்பரிமாண அச்சில் செய்வித்தது. பி.எல்.ஏ. பிளாஸ்டிக். அதை வானின் முன்கண்ணாடிக்குக் கீழே வைத்துவிட்டு மத்தியானம் சாப்பிடப் போனோம். அந்தப் பிளாஸ்டிக் 60 பாகை அளவிலேயே இளகத் தொடங்கும் என்று படித்துத்தான் இருந்தோம். சித்திரை வெயிலில் பூட்டிய வானை யார் யோசித்தது? வந்து பார்த்தால் பொரித்த அப்பளம் மாதிரி வளைந்து கிடக்கிறது. வான் அண்ணா எங்களைவிடக் கவலைப்பட்டார். அண்ணா, பிழை எங்களுடையதுதான்.

பிறகு வெல்டிங் பட்டறையில் அலுமினியத் தகடு வெட்டித் தந்தார்கள், கூலி வாங்கவில்லை. போர்டைத் தகட்டின் மேல் அப்படியே பூட்டி சுவிட்சைப் போட்டோம். அடியிலிருந்த ஈயப் பற்றுகள் தகட்டில் முட்டி, மோட்டரை ஓட்டும் சுற்று புகைந்து போனது. அன்றைக்கு ஒருத்தி அழுதாள். (நான்தான்.)

சைக்கிள் கடை மாமா கிழிந்த டியூப் ஒன்றை வெட்டி போர்டுக்கு அடியில் விரித்தார். "ரப்பரில கரண்ட் ஏறாது. இது தெரியாமலா இவ்வளவு படிக்கிறீங்க?" கறுப்பு ரப்பரில் கரி கலந்திருப்பதால் பெரிய மின்னழுத்தத்துக்கு அதை நம்பக்கூடாது என்று பிறகு வாசித்தோம், எங்கள் 7.4 வோல்ட் பற்றரிக்கு அது தாராளம். மிச்ச டியூபை வளையமாக நறுக்கி வழுக்கிக்கொண்டிருந்த சில்லுகளுக்கு மாட்டியதும் அவர்தான். அதோடு வழுக்கல் நின்றது.

புகைந்து போன மோட்டர் சுற்று எல்298 என்ற வகை. அது மாதிரியே இன்னொன்று வாங்கக் காத்தான்குடிக்குப் போனோம். கடைக்கார நானா விற்க மறுத்தார். அது தனக்குள்ளேயே ஏறக்குறைய 2 வோல்ட்டைத் தின்றுவிடும், சின்ன ரோபோவுக்கு டிபி6612 என்ற வகையைப் போடுங்கள் என்றார். விலை கூட. "இருக்கிறதைத் தாங்க" என்று வாங்கிக்கொண்டார். முன்பு மோட்டர் ஏன் சோம்பிப்போய்ச் சுற்றியது என்பது அன்றுதான் விளங்கியது.

அப்புறம், கிழக்குப் பல்கலைக்கழக வந்தாறுமூலை வளாகத்தில் படிக்கும் அண்ணா. ரோபோ நேர்கோட்டில்கூடப் பாம்பு மாதிரி நெளிந்துகொண்டிருந்தது. அவர் லப்டொப்பைத் திறக்கக்கூட இல்லை. "கோட்டிலிருந்து எவ்வளவு விலகியது என்று மட்டும் கணக்கெடுக்கிறீர்கள். எவ்வளவு வேகமாக விலகுகிறது என்பதையும் சேருங்கள்" என்றார். சேர்த்தோம். எண்களைத் திருத்தித் திருத்தி மூன்று வாரம் போனது. நெளிவு அடங்கியது.

சேருக்கு, ஞாயிற்றுக்கிழமையிலும் ஆய்வுகூடத் திறப்பைத் தந்ததற்கு நன்றி. அம்மாமாருக்கு, இரவு ரயிலுக்குக் கட்டித் தந்த புட்டுப் பார்சலுக்கு நன்றி.

தையல் கடை அன்ரியைக் கடைசிக்கு வைத்தது வேண்டுமென்றுதான். காலையில் ஒழுங்காக ஓடும் ரோபோ பின்னேரம் யன்னலோரம் போனால் கோட்டைத் தொலைத்துவிடும்; வெயிலிலும் அகச்சிவப்பு இருக்கிறதே. அன்ரி கறுப்புத் துணியில் உணரிகளைச் சுற்றி ஒரு குட்டிப் பாவாடை தைத்துத் தந்தார். கொழும்பில் மற்ற அணிகளின் பளபளப்பான ரோபோக்களைப் பார்த்ததும் எங்களுக்கு வெட்கம் வந்துவிட்டது. கழற்றிப் பைக்குள் வைத்தோம். மண்டபத்தில் பெரிய கண்ணாடி யன்னல்கள். முதல் ஓட்டத்தில் இரண்டாவது வளைவிலேயே ரோபோ பலகையை விட்டு இறங்கி நடுவரின் சப்பாத்தில் போய் முட்டியது. இரண்டாவது ஓட்டத்துக்குப் பாவாடையைக் கட்டினோம். யாரோ சிரித்தார்கள். ரோபோ கடைசிவரை ஓடியது.

அன்ரி, கழற்றிய கதையை உங்களிடம் இதுவரை சொல்லவில்லை. மன்னித்துக்கொள்ளுங்கள். உங்கள் சின்னக் கத்தரிக்கோலும் எங்களிடம்தான் இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை கொண்டு வந்து தருகிறோம்.

இப்படிக்கு,
ஐந்து பேருக்காகவும், அணித்தலைவி
கல்லடி, மட்டக்களப்பு